பந்தாட்டமும் பொதுத்தொண்டும்

(ஒரு வாலிபர் பந்தாட்டச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இந்தச் சங்கத்து வாலிபர்கள் வந்து, ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று நம்மைக் கூப்பிட்டபோது, பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்றுதான் முதலில் கேட்டோம். நாம் பந்தை உதைத்துப் பழகியவர்களல்ல; ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான். அதற்கு அவர்கள், “ஐயா, ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சங்கத்துக்குள் ஒரு தகராறு இருக்கின்றது. அதற்குத்தான் உங்கள் அபிப்பிராயம் வேண்டும்” என்றார்கள்.

தகராறு என்னவென்று விசாரித்தோம். பந்து, சட்டை முதலியவைகளுக்குப் பணம் கொடுக்கின்ற ஒரு பெரிய மனிதர், தமது மகனையே அணித் தலைவனாகப் போட வேண்டும் என்கிறாராம். மைதானத்தில் முள் பொறுக்குவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பது ஆகிய வேலைகளையெல்லாம் ஒரு தெருப் பையன்கள் செய்கின்றார்களாம். மேடையேறி மாலையும் கோப்பையும் வாங்குவது மட்டும் வேறு தெருப் பையன்களாம்.

தோழர்களே! இது பந்தாட்டத் தகராறு அல்ல. உழைப்பு யாருக்கு, தலைமை யாருக்கு என்கின்ற தகராறாகும். இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்து வருகின்ற தகராறு, இப்பொழுது உங்கள் மைதானத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கின்றது. ஆகவே இதைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கும் கொஞ்சம் யோக்கியதை உண்டென்று கருதியே வந்தோம்.

இதற்கு நாம் புராணத்திலிருந்து கதை எடுத்துச் சொல்லப் போவதில்லை. சாட்சியோடு நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுகின்றோம். நம்மைப் போலவே வெள்ளைக்காரனுக்கு அடிமைப்பட்டு, நம்மைப் போலவே தெருவுக்குத் தெரு பிரித்து வைக்கப்பட்டிருந்த ஒரு ஊரில், ஏழைப் பிள்ளைகள் பந்தாட்டச் சங்கம் ஒன்றை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் அந்தக் காரியம்.

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு தேசம். அதன் தலைநகர் நைரோபி. வெள்ளைக்காரர்கள் ரயில் பாதை போட்டபோது 1899-ல் ஏற்பட்ட ஊர் அது. ஏற்பட்ட நாள்முதலே வெள்ளையருக்கு ஒரு பக்கம், இந்தியருக்கு ஒரு பக்கம், அந்த மண்ணுக்கே உரிய கறுப்பருக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். நமது நாட்டில் அக்கிரகாரம், ஊர்த்தெரு, சேரி என்று பிரித்தார்களே, அதே சங்கதிதான். நம்மவர்கள் இதற்குக் கடவுள் பேரைச் சொன்னார்கள். வெள்ளையர்கள் சுகாதாரத்தின் பேரைச் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். 1963-ல் கென்யா விடுதலை அடைந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி போயிற்று, பிரிவினை போகவில்லை. நிறத்தின் பேரால் நின்றது பிறகு பணத்தின் பேரால் நின்றது.

அந்த நைரோபியில் மத்தாரே என்று ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே தகரமும் மண்ணும் கொண்டு கட்டிய குடிசைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்க வேண்டும். அதிலிருந்து பெரிய சாலை ஒன்றைக் கடந்தால் முத்தைகா என்ற இடம். அங்கே தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், சீமான்கள் விளையாடுகின்ற புல்வெளிகளும் இருக்கின்றன. முத்தைகாவின் குப்பைக்கு வண்டி வந்தது. மத்தாரேயின் குப்பைக்கு வண்டி வரவில்லை. சாக்கடை அடைத்து, மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். உலக நாடுகள் சங்கத்தின் சுற்றுச்சூழல் தலைமைக் காரியாலயம் இதே நைரோபியில்தான் இருக்கின்றது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். உலகத்தைச் சுத்தப்படுத்தும் யோசனை ஒரு பக்கம். பக்கத்துத் தெருவில் மலைபோல் குப்பை ஒரு பக்கம்!

அந்தக் குப்பைக்கு நடுவில்தான் பிள்ளைகள் பந்தாடினார்கள். கடையில் வாங்கிய பந்தல்ல. பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிய பந்து. அதற்கு அவர்கள் பாஷையில் ‘ஜுவாலா’ என்று பெயர். பந்தையே குப்பையிலிருந்து செய்துகொண்ட பிள்ளைகள் அவர்கள்.

1987-ல், நைரோபியில் வசித்து வந்த பாப் மன்ரோ என்னும் கனடா தேசத்தவர் ஒருவர் இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தார். பந்தயம் நடத்தித் தருகிறோம், நடுவரும் பந்தும் ஏற்பாடு செய்கிறோம் என்ற பேச்சு வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. நீங்கள் உங்கள் ஊருக்கு ஏதாவது செய்தால் சங்கம் உங்களுக்குச் செய்யும்; நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் சங்கமும் ஒன்றும் செய்யாது என்பதே அதன் கருத்து. ‘மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம்’ இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

இந்த நிபந்தனையை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். தர்மம் செய்கிறவன் இப்படிப் பேச மாட்டான். அவன், “ஐயோ பாவம், வாங்கிக்கொள்” என்பான். வாங்கினவன் கைகட்டி நிற்க வேண்டும். பிறகு கொடுத்தவனுடைய மகனுக்கு அணித் தலைமையும் கொடுக்க வேண்டும்! வாங்குகிறவனையும் ஒரு மனிதனாக மதித்து, “நீ என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டால்தான் அங்கே சுயமரியாதை இருக்கின்றது என்று பொருள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வாரக் கடைசியில் மண்வெட்டியும் கூடையும் தள்ளுவண்டியும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் குப்பையை வாரினார்கள், சாக்கடையைத் தோண்டினார்கள். இதை வெறும் புண்ணிய காரியமாக அவர்கள் வைக்கவில்லை. பந்தயக் கணக்கிலேயே சேர்த்தார்கள். ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் அணிக்கு 3 புள்ளி. ஒப்புக்கொண்ட துப்புரவு வேலையைச் செய்து முடித்தால் 6 புள்ளி. அதாவது இரண்டு ஆட்டம் ஜெயிப்பதும், ஒரு நாள் தெருவைச் சுத்தம் செய்வதும் சமம். காலில் எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் கையில் மண்வெட்டி பிடிக்காத அணிக்குக் கோப்பை கிடைப்பது கஷ்டம். பந்து உதைக்கத் தெரிந்தவன் பெரியவன், குப்பை வாருகிறவன் சிறியவன் என்கின்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டு பேரும் ஒரே ஆளாய் இருந்தார்கள்.

தோழர்களே! நமது நாட்டில் இந்த 6 புள்ளியைக் கொடுக்க எந்தச் சங்கமாவது துணியுமா? குப்பை வாருவதும் மலக்குழியில் இறங்குவதும் ஒரு சாதியின் பிறப்புரிமை என்று நாம் வைத்திருக்கின்றோம். மனிதன் மலத்தை மனிதன் அள்ளக் கூடாதென்று 1993-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது போதாதென்று 2013-ல் மறுபடியும் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகும் குழியில் இறங்கி மூச்சு முட்டிச் செத்தவர்கள் இருக்கின்றார்கள். செத்தவர்கள் எந்தச் சாதி என்று நாம் சொல்லவும் வேண்டுமா? “குப்பை வாருவது கேவலம்” என்று நினைக்கிறவன் வாருகிறவனையும் கேவலம் என்றுதான் நினைக்கின்றான். அந்த எண்ணம் பிரசங்கத்தினால் மட்டும் போகாது. செட்டியார் மகனும் முதலியார் மகனும் பறையர் மகனும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினால் போகும்.

இனி, தலைமைக்கு வருவோம். மத்தாரே சங்கத்தில் தலைவர்கள் யார்? முதலாளியா? பாதிரியா? சர்க்கார் அதிகாரியா? இல்லை. ஆடுகின்ற பிள்ளைகளே தலைவர்கள். அந்தப் பகுதிகளை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்திலும் அணிகளின் தலைவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் கூடித் தங்கள் நிர்வாகிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றார்கள். எந்த ஆட்டம் எந்த மைதானத்தில், யார் நடுவர், எந்தத் தெருவில் துப்புரவு என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கின்றார்கள். இவர்களில் அநேகர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். “மீசை முளைக்காத பையனுக்கு நிர்வாகமா?” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். மீசை முளைத்தவர்கள் செய்த நிர்வாகத்தில்தானே மத்தாரேயில் குப்பை மலைபோல் கிடந்தது என்பது நமது பதில்.

அங்கே தலைமை ஒருநாளில் தலையில் வந்து உட்காருவதில்லை. ஒரு பையன் முதலில் ஆடுகிறான். பிறகு பந்தையும் வலையையும் பாதுகாக்கும் பொறுப்பு வருகிறது. பிறகு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குகிறான். பிறகு ஊதலை எடுத்து நடுவராக நிற்கிறான். நடுவராக நின்று பார்த்தவனுக்குத்தான், இரண்டு பக்கத்தாரும் கத்தும்போது நியாயம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். கடைசியில்தான் அவனை நிர்வாகத்திற்குத் தேர்ந்தெடுக்கின்றார்கள்.

ஒரு வேடிக்கையான விதியும் அங்கே உண்டு. ஆட்டத்தில் முறைதவறி நடந்து, சிவப்புச் சீட்டுக் காட்டி வெளியேற்றப்பட்டவன், மறுபடி ஆட வேண்டுமானால் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றுவிட்டு வர வேண்டும். அபராதம் கட்டினால் போதாது. கோயிலில் போய்ப் பிராயச்சித்தம் செய்தாலும் போதாது. நடுவரை வைதவன் தானே நடுவராக நின்று வசவு கேட்க வேண்டும்! இதைவிடப் பகுத்தறிவான தண்டனை எது என்று கேட்கின்றோம். அதேபோல, ஆட்டத்தில் மிகவும் யோக்கியமாய் நடந்துகொண்ட ஆளுக்கு நடுவர் பச்சைச் சீட்டுக் கொடுக்கிறார். அதற்கும் புள்ளி உண்டு.

இந்தப் புள்ளிகள் எதற்கு? பள்ளிக்கூடச் சம்பளத்திற்கு. தெருவைச் சுத்தம் செய்தவன், சின்னவர்களுக்குப் பழக்கியவன், நடுவராய் நின்றவன் ஆகியோர் செய்த தொண்டுக்கெல்லாம் கணக்கு வைத்து, அதிகப் புள்ளி பெற்றவர்களுக்குச் சங்கம் படிப்புச் செலவு கொடுக்கிறது. பணத்தை நேரே பள்ளிக்கூடத்திற்கே கட்டிவிடுகின்றார்கள். சம்பளம் கட்ட முடியாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்ற ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஏழைத் தாய்மார்களுக்குத் தெரியும். பெரிய மனிதருடைய சிபார்சுக் கடிதம் வேண்டியதில்லை. செய்த வேலையே சிபார்சு.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இந்தச் சங்கமும் ஆண் பிள்ளைகளின் சங்கமாகத்தான் இருந்தது. முதல் ஐந்து வருஷம் பெண்களுக்கு அங்கே ஆட்டமில்லை. இதை நாம் மறைக்கவில்லை. 1992-ல்தான் பெண்களின் அணிகள் ஏற்பட்டன. அப்பொழுது என்ன தடை சொன்னார்கள் என்றால், இங்கே சொல்லுகிற தடையைத்தான் சொன்னார்கள். பெண் பந்து உதைப்பதா? கால் தெரிய ஓடுவதா? தண்ணீர் யார் எடுப்பது? தம்பி தங்கையை யார் பார்ப்பது? என்றெல்லாம் கேட்டார்கள். ஆண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் பொழுது அவனுடையது. பெண் பிள்ளைக்குப் பொழுது என்று ஒன்று கிடையாது. ஆகவே பெண்களின் ஆட்டத்தை அவர்கள் வீட்டு வேலைக்கு இடைஞ்சலில்லாத நேரத்தில் வைத்தும், தாய்மார்களோடு பேசியும் சமாதானம் செய்தார்கள். நேரம் பார்த்து வைத்தது தந்திரம்தான். நியாயம் என்னவென்றால் வீட்டு வேலையில் ஆண் பிள்ளையும் பாதி செய்ய வேண்டும் என்பதே. ஆனாலும் ஒன்று நடந்தது. நாலு பேர் பார்க்க மைதானத்தில் ஓடிய பெண், நடுவராக நின்று ஆண் பிள்ளைகளுக்கு ஊதல் ஊதிய பெண், பிறகு யாருக்கும் சுலபத்தில் தலைகுனிய மாட்டாள். அதைக் கண்டுதான் பழமைக்காரர்களுக்குப் பயமே தவிர, கால் தெரிவதைக் கண்டல்ல.

1990-களில் எய்ட்ஸ் நோய் அந்தத் தேசத்தைப் பிடித்துக்கொண்டது. மத்தாரேயில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் ஏராளம். அப்பொழுது மதத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? 1996-ல் நைரோபியில் கத்தோலிக்க மதத்தின் பெரிய குருவே முன்நின்று ஆணுறைகளையும், நோய்த் தடுப்பைப் பற்றிய பிரசுரங்களையும் தீயில் போட்டுக் கொளுத்தினார். கென்யா சர்க்கார் இதை ஒரு தேசிய ஆபத்து என்று சொல்லுவதற்கு 1999 ஆயிற்று. ஆனால் இந்தப் பந்தாட்டப் பிள்ளைகள் 1994-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். நோய் எப்படி வருகிறது, எப்படி வராமல் காக்கலாம் என்பதைத் தாங்கள் முதலில் கற்றுக்கொண்டு, ஆட்டத்திற்கு வருகிற மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சிலேயே சொன்னார்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டு மறைத்ததைச் சிறியவர்கள் வெளிப்படையாய்ப் பேசினார்கள். பாவம் என்று பயமுறுத்தி ஓர் உயிரையும் காப்பாற்ற முடியாது. விஷயத்தைச் சொன்னால் காப்பாற்றலாம். பகுத்தறிவுப் பிரசாரம் என்பது இதுதானே தவிர வேறென்ன?

“எல்லாம் சரி, பந்தை உதைத்தால் பானையில் சோறு வேகுமா?” என்று கேட்கின்ற பெரியவர்கள் இங்கும் உட்கார்ந்திருக்கின்றார்கள். அவர்களுக்கும் சொல்லுகின்றோம். இந்தப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைக் கொண்டு 1994-ல் ‘மத்தாரே யுனைடெட்’ என்று ஒரு பெரிய அணி ஏற்படுத்தினார்கள். அந்தக் குடிசைப் பிள்ளைகள் 1998-லும் 2000-லும் கென்யா தேசத்துக் கோப்பையை வாங்கினார்கள். 2008-ல் தேசத்தின் முதல்தரப் பந்தயத்திலேயே முதலாவதாக வந்தார்கள். அந்த அணியில் சேர்ந்து பேர் வாங்கியவர்களும் மாதந்தோறும் பல மணி நேரம் சின்னவர்களுக்குப் பழக்குவது முதலிய ஊர்த்தொண்டு செய்தாக வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பேர் வந்ததும் பிறந்த தெருவை மறந்துவிடக் கூடாது என்பது கருத்து. குப்பை வாரிய காரியத்திற்காக 1992-ல் உலக நாடுகளின் சுற்றுச்சூழல் காரியாலயம் இந்தச் சங்கத்திற்குப் பரிசு கொடுத்தது. பக்கத்துத் தெருக் குப்பை அப்பொழுதாவது அவர்கள் கண்ணில் பட்டது!

இனி இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளையும் நாமே சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது, “இதை ஆரம்பித்தவர் வெளிநாட்டார்தானே? பிள்ளைகள் தாங்களாகவா செய்தார்கள்?” என்பது. உண்மைதான், யோசனைக்கும் ஆரம்ப உதவிக்கும் அவர் காரணம். ஆனால் ஒருவர் ஒரு காரியத்தை ஆரம்பித்தார் என்பது பெரிதல்ல. அவரில்லாமல் அது நடக்கும்படி செய்தாரா என்பதே பெரிது. தேர்தலும் கணக்கும் பிள்ளைகள் கையில் இருந்தபடியால்தான் பல்லாயிரம் பிள்ளைகள் அதில் சேர்ந்து ஆட முடிந்தது. ஒரே ஆள் ஊதல் ஊதி அத்தனை ஆட்டத்தை நடத்த முடியுமா?

இரண்டாவது, “குப்பை வாருவது நகரசபையின் வேலை, வரி வாங்குகிறவன் செய்யாமல் ஏழைப் பிள்ளைகள் செய்வது நியாயமா?” என்பது. இது சரியான கேள்வி. நாம் இதை ஒதுக்கித் தள்ளவில்லை. தொண்டர்கள் கிடைத்தார்கள் என்று சர்க்கார் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளக் கூடாது. தொண்டு என்பது சர்க்காரின் கடமைக்குப் பதிலாகாது. ஆனால் ஒன்று: தன் கையால் சாக்கடையைத் தோண்டியவன்தான் நகரசபைக்குப் போய், “ஏனடா வண்டி வரவில்லை?” என்று நிமிர்ந்து கேட்கின்றான். திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுப்பவன் கேட்பதில்லை. வேலையும் செய்ய வேண்டும். உரிமையும் கேட்க வேண்டும். ஒன்றைச் சாக்காக வைத்து மற்றொன்றை விட்டுவிடுவது மோசம்.

மூன்றாவது, “தொண்டு தொண்டு என்று சொல்லி வாலிபர்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவது தானே இது?” என்பது. அதற்காகத்தான் புள்ளிக் கணக்கையும் படிப்புச் செலவையும் நாம் விவரமாகச் சொன்னோம். உழைப்பைத் தனக்கு வாங்கிக்கொண்டு, “பலனை எதிர்பாராதே” என்று பிறருக்கு உபதேசம் செய்வது நமக்குத் தெரிந்த பழைய வித்தை. மத்தாரேயில் பலனைக் கணக்கெழுதிக் கொடுத்தார்கள். செய்கிறவனே தீர்மானிக்கின்றான், செய்கிறவனுக்கே பலன் வருகின்றது. இந்த இரண்டும் இருந்தால் அது தொண்டு. இரண்டும் இல்லாவிட்டால் அது வெட்டி வேலை.

நான்காவது, “அதனால் மத்தாரேயில் வறுமை ஒழிந்துவிட்டதா?” என்பது. ஒழியவில்லை. இன்றைக்கும் அது ஏழைகளின் இடந்தான். நிலமும் சம்பளமும் தண்ணீரும் நியாயமாய்ப் பங்கிடப்படாதவரை எந்தப் பந்தும் வறுமையை ஒழிக்காது. பந்தாட்டம் சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். ஆனால் அந்த நியாயத்தைக் கேட்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? கூட்டம் நடத்தத் தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த, தோற்றாலும் கைகொடுக்கத் தெரிந்த, தன்னைவிட எளியவனைத் தூக்கிவிடத் தெரிந்த ஆள் வேண்டுமல்லவா? அப்படிப்பட்டவர்கள் மைதானத்தில் தயாராகின்றார்கள் என்பதைத்தான் சொல்லுகின்றோம்.

இனி உங்கள் தகராறுக்கு நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

பணம் கொடுத்த பெரிய மனிதருக்கு நன்றி சொல்லுங்கள், ரசீதும் கொடுங்கள். ஆனால் அணித் தலைமையைக் கொடுக்காதீர்கள். அவருடைய மகன் முள் பொறுக்கட்டும், கோடு போடட்டும், சின்னவர்களுக்குப் பழக்கட்டும். பிறகு நீங்களே அவனைத் தேர்ந்தெடுத்தால் அது அவனுக்கும் கௌரவம். தகப்பன் பணத்தில் வந்த தலைமை அந்தப் பையனுக்கே அவமானம் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள், வாலிபன், விளங்கிக்கொள்வான்.

மைதான வேலைக்கு முறை வையுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் முறைப்படி செய்ய வேண்டும். செய்ததற்குச் சுவரில் எல்லோரும் பார்க்கக் கணக்கு எழுதுங்கள். உங்கள் பந்தயத்திலும் தெரு வேலைக்குப் புள்ளி கொடுத்துப் பாருங்கள். எந்த அணி சேரித் தெருவுக்குள் போகக் கூச்சப்படுகின்றது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

நிர்வாகிகளை வருஷத்திற்கொருமுறை ஆடுகிறவர்களே தேர்ந்தெடுங்கள். வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். பெரியவர்கள் யோசனை சொல்லட்டும். உத்தரவு போட வேண்டாம். நாமும் அந்தப் பெரியவர்களில் சேர்ந்தவர்கள்தான். நமக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, அதோ பின்வரிசையில் தாய்மார்களோடு உட்கார்ந்திருக்கின்ற பெண் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு விழாவில் ஓர் அணி இருக்க வேண்டும். மத்தாரேக்காரர்களுக்கு அது தோன்றுவதற்கு ஐந்து வருஷமாயிற்று. அவர்களுடைய தவறைப் பார்த்தவர்களாகிய உங்களுக்கு ஐந்து மாதம்கூட ஆக வேண்டியதில்லை.

தோழர்களே! நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்று இராத்திரி வீட்டுக்குப் போய் யோசியுங்கள். நாளைக் காலையில் மைதானத்திற்குப் போய், அங்கே கிடக்கின்ற முள்ளை யார் பொறுக்குகின்றார்கள் என்று பாருங்கள். வழக்கமாகப் பொறுக்குகின்ற அதே பையன்கள்தான் என்றால், நீங்களும் குனிந்து அவர்களோடு பொறுக்குங்கள். தலைமை யாருக்கு என்ற கேள்விக்கு அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைக்கும்.